கேமரா திருப்பணி நிறைவு அறிக்கை: கமிட்டி சார்பா உறுப்பினர்களுக்கு

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். நம்ம குறும்பட சங்கத்துக்குன்னு சொந்தமா ஒரு சினிமா கேமரா கட்டுறதுன்னு பொதுக்கூட்டத்துல கை தூக்கி முடிவு பண்ணோமே, அந்த வேலை முடிஞ்சாச்சு. பெட்டி ரெடி, வெள்ளோட்டம் விட்டாச்சு, எலுமிச்சம்பழம் சுத்தி பூஜையும் போட்டாச்சு. வரவு செலவு தாளை பொருளாளர் பில்லோட சேர்த்து தனியா குடுத்துட்டாரு, அதை இங்க திருப்பி எழுதல. என்ன கட்டினோம், ஏன் இப்படி கட்டினோம், இது எதுக்கு ஆகும் எதுக்கு ஆகாதுங்கறது மட்டும்தான் இந்த அறிக்கை.

முதல்ல எல்லாரும் கேக்குற கேள்வி. "இந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு மிரர்லெஸ் வாங்கிருக்கலாமே?" வாங்கிருக்கலாம். ராத்திரி சீன்ல அது இதைவிட நல்ல படமே குடுத்திருக்கும், அதுல கமிட்டிக்கு எந்த வாதமும் இல்ல. ஆனா கடையில வாங்குற கேமராவுக்குள்ள என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியாது, அதுல எது இருக்கணும் எது இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்றதும் நாம இல்ல. 2019-ல பிளாக்மேஜிக் அவங்க பாக்கெட் சினிமா கேமரா 4கே-க்கு ஒரு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் விட்டாங்க, அவங்களோட சொந்த ரா ஃபார்மட் (சென்சார் குடுக்கிறதை மெருகேத்தாம அப்படியே பதியறது) உள்ள வந்துச்சு, அதுவரைக்கும் இருந்த சினிமாடிஎன்ஜிங்கற திறந்த ரா ஃபார்மட் வெளிய போயிடுச்சு. பழைய ஃபர்ம்வேரையே வெச்சுக்கிட்டவங்க தப்பிச்சாங்க, ஆனா புதுசா வர்ற வேற எந்த வசதியும் வேணும்னா சினிமாடிஎன்ஜிய விட்டுக்குடுத்துதான் ஆகணும். நல்ல கேமராதான், குறை சொல்ல வரல. காசு குடுத்து வாங்கினதுக்கு அப்புறமும் சாவி இன்னொருத்தர் கையில இருக்குங்கறதுதான் நம்ம பிரச்சனை.

இந்த யோசனை நம்ம மூளையில உதிச்சது இல்ல. வியன்னாவுல அப்பெர்டஸ்னு ஒரு கூட்டம், 2006-லேர்ந்து இதே வேலையா இருக்காங்க. ஆரம்பத்துல அமெரிக்காவுல எல்ஃபெல்ங்கற கம்பெனி செஞ்ச ஓப்பன் ஹார்ட்வேர் கேமராவை (அது கண்காணிப்பு, ஆராய்ச்சி மாதிரி வேலைக்குன்னு செஞ்சது) சினிமாவுக்கு வளைக்கப் பாத்தாங்க, அப்புறம் நாமளே அடியிலேர்ந்து கட்டிடலாம்னு இறங்கிட்டாங்க. 2013-ல ஆக்ஸியம் ஆல்ஃபா வந்துச்சு, ஜெட்போர்டுன்னு கடையில கிடைக்கிற ஒரு டெவலப்மெண்ட் போர்டுல சென்சார மாட்டின முதல் மாதிரி அது. 2014-ல ஆக்ஸியம் பீட்டாவுக்கு ஊர்கூடி வசூல், இலக்கு ஒரு லட்சம் யூரோ, வந்தது ஒன்றரை லட்சத்துக்கும் மேல. சர்க்யூட் படத்துலேர்ந்து பெட்டி டிராயிங் வரைக்கும் எல்லாம் வெளிய கிடக்கு, சாஃப்ட்வேருக்கு ஜிபிஎல், ஹார்ட்வேருக்கு செர்ன் ஓப்பன் ஹார்ட்வேர் லைசென்ஸ். யார் வேணா எடுக்கலாம், மாத்தலாம், மாத்தினதை மத்தவங்களுக்குக் குடுத்தா அதையும் அதே மாதிரி திறந்து வைக்கணும். நம்ம கமிட்டிக்குப் பிடிச்சதே இந்தக் கடைசி வரிதான்.

அப்போ அதையே கட்டிருக்கலாமேன்னு மின்னணு படிச்ச தம்பிங்க கடைசி வரைக்கும் மல்லுக்கு நின்னாங்க, அவங்க ஆசை நியாயம்தான். பீட்டாவுல இருக்கிற சிஎம்வி12000 சென்சார் 4096க்கு 3072, அளவுல சூப்பர் 35 ஃபிலிமுக்குப் பக்கத்துல நிக்கிறது, ஒவ்வொரு பிக்சலும் 5.5 மைக்ரான், எல்லாத்துக்கும் மேல குளோபல் ஷட்டர், அதாவது ஃபிரேம்ல இருக்கிற எல்லா பிக்சலும் ஒரே நேரத்துல வெளிச்சம் வாங்கும். அதுக்குப் பின்னாடி மைக்ரோஜெட்னு ஒரு போர்டு, அதுல எஃப்பிஜிஏன்னு ஒரு சிப், அதாவது சர்க்யூட்டையே புரோகிராமா எழுதி ஏத்தலாம். பிரச்சனை அங்கதான். சென்சார் விலை ஒரு பக்கம் இருக்கட்டும், எஃப்பிஜிஏ-ல ஏதாவது மக்கர் பண்ணா உக்காந்து பாக்க நம்மள்ல ஆளு இல்ல, அவங்களே பீட்டாவை டெவலப்பர் கிட்டுன்னுதான் குடுத்தாங்க, ஆன் பண்ணி ஷூட்டிங் போற சாமான்னு குடுக்கல. படம் எடுக்கிற சங்கம் நம்மது. கேமராவ ரிப்பேர் பண்ணிட்டே அஞ்சு வருஷம் போயிடக்கூடாதுன்னு கமிட்டி முடிவு பண்ணுச்சு, இன்னமும் அது சரியான முடிவுன்னுதான் சொல்லுவோம்.

அதனால எடுத்தது ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவு குட்டி கம்ப்யூட்டர் போர்டு) வழி. 2020-ல ராஸ்பெர்ரி பைக்காரங்க எச்க்யூ கேமரான்னு ஒண்ணு விட்டாங்க, 50 டாலர், சோனி ஐஎம்எக்ஸ்477 சென்சார், லென்ஸ் மாத்துற மாதிரி சி மவுண்ட், அடியில ட்ரைபாட் மாட்ட ஓட்டையும் உண்டு. இதை வெச்சு சினிபைன்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சினிமா கேமரா ஏற்கனவே இருக்கு, உலகம் பூரா ஆளாளுக்கு அதை எடுத்து அவங்கவங்க வசதிக்கு பெட்டி கட்டிட்டு இருக்காங்க, நம்மளும் அதையேதான் செஞ்சோம். பை 4 போர்டு, யூஎஸ்பி 3-ல எஸ்எஸ்டி, அஞ்சு இன்ச் டச் டிஸ்ப்ளே, கல்யாண வீடியோக்காரங்க லைட்டுக்கு மாட்டுற அதே என்பி-எஃப் பேட்டரி. சாமான் பாதி ரிச்சி ஸ்ட்ரீட்லயே கிடைச்சுது. பெட்டி 3டி பிரிண்ட்.

எஸ்எஸ்டி எதுக்கு, மெமரி கார்டு போதாதான்னு கேட்டவங்களுக்கு கணக்கு. நம்ம எடுக்கிறது 2028க்கு 1080, 12 பிட் ரா. ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 3.3 எம்பி, நொடிக்கு 24 ஃபிரேம்னா 79 எம்பி, ஒரு நிமிஷத்துக்கு 4.7 ஜிபி. பை 4-ல கார்டு ஸ்லாட்டோட உச்ச வேகமே நொடிக்கு 50 எம்பிதான், அப்புறம் எங்க தாங்கும். 500 ஜிபி எஸ்எஸ்டி-ல ஒன்றரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல நிக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி டிஎன்ஜி ஃபைல், டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேரோட ஃப்ரீ வெர்ஷன்லயே அப்படியே திறக்குது, ஒயிட் பேலன்ஸ அங்க போய் மாத்திக்கலாம்.

கொஞ்சம் கம்ப்ரஸ் பண்ணா என்னன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. கேமராவுக்குள்ளயே ராவை சுருக்கி எழுதுறதுக்கு அமெரிக்காவுல சினிமா கேமரா செய்யிற ரெட் கம்பெனி பேட்டண்ட் வெச்சிருக்கு, 2019-ல ஆப்பிளே போய் மோதிப் பாத்து தோத்துட்டு வந்துச்சு, நிகான் மேல 2022-ல கேஸ் போட்டாங்க, கடைசில 2024-ல நிகான் அந்தக் கம்பெனியவே வாங்கிடுச்சு, தனிக் கதையா எடுக்கலாம். நம்ம பெட்டி சுருக்காம எழுதுறதால அந்தப் பஞ்சாயத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இல்ல, டிஸ்க்குல இடம்தான் கொஞ்சம் அதிகம் சாப்பிடும்.

இப்போ லென்ஸ், இதை எல்லாரும் கவனமா படிங்க. சென்சார் மூலைக்கு மூலை 7.9 மில்லிமீட்டர்தான், ஃபுல் ஃபிரேமோட ஒப்பிட்டா அஞ்சரை மடங்கு கிராப், அதாவது அதே லென்ஸ்ல படம் அவ்வளவு நெருங்கித் தெரியும். பழைய 16 எம்எம் கேமராவோட 25 எம்எம் லென்ஸ் ஒண்ணு உபயமா வந்துச்சு, கண்ணாடி அருமையா இருக்கு, ஆனா இதுல மாட்டினா 135 எம்எம் மாதிரி நடந்துக்கும், முகத்தை மட்டும் எடுக்கலாம், வீட்டுக்குள்ள ரெண்டு பேர் உக்காந்து பேசுற ஷாட் வேணும்னா வாசலுக்கு வெளிய போய் நிக்கணும். அதனால 6 எம்எம் ஒண்ணு காசு குடுத்து வாங்கினோம். லென்ஸ் மாத்துறப்ப அந்த சின்ன அடாப்டர் வளையத்தைப் பாருங்க, சி மவுண்ட் லென்ஸுக்கு அது வேணும், சிஎஸ் மவுண்ட் லென்ஸுக்கு கழட்டணும், மாத்தி மாட்டிட்டு ஃபோகஸ் வரலன்னு கமிட்டிய கூப்பிடாதீங்க.

இது ரோலிங் ஷட்டர், ஃபிரேம் முழுக்க ஒரே நேரத்துல இல்லாம வரிவரியா பதியும். கேமராவ வேகமா பக்கவாட்டுல திருப்பினா கம்பம் எல்லாம் சாயும், ஓடுற ஆட்டோவுலேர்ந்து கையில புடிச்சு எடுத்தா படம் ஆடும், ஆக்ஸியத்துக்கும் நம்மதுக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். தனி பிக்சல் 1.55 மைக்ரான்தான், அதனால ராத்திரி தெரு விளக்கை நம்பி போகாதீங்க, லைட்டு எடுத்துட்டுப் போங்க. ட்யூப் லைட்டு இருக்கிற ரூம்ல ஷட்டர் 1/50 வைங்க, 24 ஃபிரேமுக்கு பழக்கத்துல 1/48 வெச்சா நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல மினுமினுப்பு வர வாய்ப்பு இருக்கு.

நேரம் அதிகம் தின்னது சூடு. பை 4 போர்டு 80 டிகிரிய தொட்டா தானா வேகத்தைக் குறைச்சுக்கும், குறைச்சா நடுவுல சில ஃபிரேம் பதியாம போயிடும். சித்திரை வெயில்ல மொட்டை மாடியில வெச்சு ஓட்டினா அது சீக்கிரம் தொட்டுடுது. ஃபேன் போட்டா சத்தம் வசனத்துல ஏறுது. கடைசில அலுமினியம் ஹீட் சிங்க்க பெட்டியோட முதுகுப் பக்கமே வெளிய தெரியற மாதிரி வெச்சு, பெரிய ஃபேன் ஒண்ணு மெதுவா சுத்துற மாதிரி பண்ணியாச்சு, டேக் நேரத்துல அதையும் நிறுத்த ஒரு ஸ்விட்ச் இருக்கு, கட் சொன்னதும் மறக்காம திருப்பி போடுங்க. கரண்ட் விஷயத்துலயும் கறார், 5 வோல்ட் 3 ஆம்பியர் வேணும், வோல்டேஜ் இறங்கினா திரையில மின்னல் குறி வரும், அது வந்தா பேட்டரிய மாத்திட்டு அடுத்த டேக் போங்க. சவுண்டு இதுல பதியாது, தனி ரெக்கார்டர், கிளாப் கட்டாயம்.

உபயதாரர்கள் எல்லாருக்கும் நன்றி. லென்ஸ், பேட்டரி, பிரிண்ட் செலவு, ரிசால்வ் ஓட்டிப் பாக்க கம்ப்யூட்டர்னு ஆளுக்கு ஒண்ணா ஏத்துக்கிட்டாங்க. பேரை கேமரா மேல ஸ்டிக்கரா ஒட்டணும்னு ஒரு வேண்டுகோள் வந்துச்சு. கோயில் ட்யூப் லைட்டுல உபயம் எழுதி வெளிச்சத்தை மறைச்ச மாதிரி ஆயிடும்னு கமிட்டி பணிவா மறுத்துடுச்சு, பேரெல்லாம் சங்கத்துப் படங்களோட டைட்டில் கார்டுல வரும்.

இன்னும் பாக்கி இருக்கிறது மூணு. பெட்டி டிராயிங்கையும், நாம மாத்தின சாஃப்ட்வேர் கோடையும் வெளிய போடணும், தம்பிங்க சுத்தம் பண்ணிட்டு இருக்காங்க, இது எடுத்துக்கிட்டதுக்கு நாம திருப்பிக் குடுக்கிறது. மழைக்கு உறை இல்ல. வெளிச்சத்துல டிஸ்ப்ளே தெரியல, கறுப்பு அட்டை மறைப்பு தற்காலிகம்தான்.

கேமரா வேணும்ங்கறவங்க செயலாளர்கிட்ட முன்கூட்டியே சொல்லி நோட்டுல எழுதிடுங்க. எஸ்எஸ்டி அவங்கவங்க சொந்தமா கொண்டு வரணும், சங்கத்தோடது டெஸ்டுக்கு மட்டும். முதல் தடவை எடுத்துட்டுப் போறவங்க ஒரு சாயங்காலம் வந்து பழகிட்டுதான் எடுத்துட்டுப் போகணும், இதுல சீனியர் ஜூனியர் கிடையாது.