எர்த் கம்பியை வெட்டிவிட்டு இரைச்சல் தீர்ந்தது என்றீர்கள்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

அன்புடையீர்,

விடயம்: ஆடியோ பவர் கண்டிஷனர், அதைப் பொருத்திய முறை

பம்பலப்பிட்டிக் காட்சியறையில் உங்களிடம் வாங்கிய பவர் கண்டிஷனர், அதாவது ஆடியோ கருவிகளுக்குப் போகும் கரண்டை வடிகட்டும் பெட்டி பற்றி எழுதுகிறேன். பற்றுச்சீட்டின் பிரதியையும் வெட்டப்பட்ட பிளக்கின் படங்களையும் இணைத்திருக்கிறேன். பணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் சொல்ல வேண்டியது உயிர் சம்பந்தப்பட்டது.

நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். அப்பா சேர்த்து வைத்த ஒலிநாடாக்களில் கோயில் திருவிழாக் கச்சேரிகள் நிறைய உண்டு, தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பும் இருக்கிறது. அவற்றை ஒழுங்காகக் கேட்கத்தான் நல்ல அம்ப்ளிபயரும் ஸ்பீக்கர்களும் வாங்கினேன். ஆனால் போட்ட உடனேயே ஸ்பீக்கரில் ஓயாத ஓர் இரைச்சல். தவிலின் ஒரு பக்கமான தொப்பியின் நாதம் மெல்ல அடங்கும் இடத்தில் தவில் கேட்காது, 50 ஹேர்ட்ஸ் கரண்ட்தான் கேட்கும். "கொழும்புக் கரண்ட் அழுக்கு சேர், இந்தப் பெட்டி சுத்தமாக்கிக் கொடுக்கும், வோல்டேஜையும் 230இலேயே நிறுத்தி வைக்கும்" என்று உங்கள் விற்பனையாளர் சொன்னார். நம்பி வாங்கினேன்.

பெட்டியைப் பொருத்திய பிறகும் இரைச்சல் அப்படியேதான் இருந்தது. உங்கள் தொழில்நுட்பவியலாளர் கொஞ்ச நேரம் வயர்களை மாற்றிப் பார்த்தார். அப்புறம் கண்டிஷனரின் 13 ஆம்பியர் பிளக்கைக் கழற்றி ஏதோ செய்து திரும்ப மூடினார். இரைச்சல் பெரும்பாலும் அடங்கியது. "இப்ப சரி அங்கிள்" என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் செய்தது என்ன என்பது, என் மகள் அலமாரியைத் துடைக்கும்போது தெரிந்தது. டிவி பெட்டியின் டிஷ் கேபிளைக் கழற்றி அதன் உலோக முனையை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் அம்ப்ளிபயரைத் தொட்டிருக்கிறாள். சுரீர் என்று கரண்ட் அடித்தது. எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் வந்து பிளக்கைத் திறந்தார். பச்சை மஞ்சள் கம்பி, அதாவது எர்த் கம்பி, அடியோடு வெட்டப்பட்டு, டேப் சுற்றி உள்ளே மடிக்கப்பட்டிருந்தது.

இதன் பொருள் உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாதிருக்க முடியாது. கண்டிஷனருக்குள் இருக்கும் ஃபில்டர், லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் சிறிய கப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரண்டை எர்த்துக்குத்தான் கொண்டுபோகிறது. எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடலும், அதில் செருகிய அம்ப்ளிபயரின் உடலும் ஏறக்குறைய பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். அந்தக் கசிவு மிகச் சிறியது, கசிவைக் கண்டு கரண்டை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் அதற்கு விழாது. மகளுக்கு அன்று அடித்தது அவ்வளவுதான். ஆனால் அம்ப்ளிபயருக்குள் ஒரு லைன் கம்பி கழன்று உடலில் பட்டிருந்தால்? எர்த் இருந்தால் அந்தக் கணமே ட்ரிப் விழும். எர்த் இல்லாமல், யாராவது தொடும்வரை அது காத்திருக்கும். ஓர் ஆளின் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகுதான் ட்ரிப் சுவிட்ச்சுக்கே விடயம் தெரியவரும்.

இரைச்சலுக்குக் காரணம் கரண்டின் அழுக்கும் அல்ல. டிஷ் அன்டனா மேலே இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அங்கே ஓர் எர்த், சுவர் பிளக்கில் இன்னோர் எர்த். டிவி பெட்டியிலிருந்து அம்ப்ளிபயருக்குப் போகும் சிவப்பு வெள்ளை வயர் இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிட்டது. அந்த வளையத்தில் ஓடும் கரண்ட்தான் இரைச்சல். எங்கள் எலக்ட்ரீசியன் வெட்டிய எர்த்தைத் திரும்பப் போட்டார், அந்த வயருக்குப் பதிலாக ஒப்டிகல் கேபிள் ஒன்றைப் போட்டார். அதில் ஒளிதான் போகிறது, செம்பு இல்லை, வளையம் அறுந்துவிட்டது. இரைச்சல் முழுதாக நின்றது. உங்கள் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தோம், அப்போதும் இரைச்சல் இல்லை. உங்கள் ஆள் முதலில் டிஷ் கேபிளைக் கழற்றிப் பார்த்திருந்தாலே காரணம் பிடிபட்டிருக்கும்.

வோல்டேஜ் கதையும் பொய். எங்கள் வீட்டில் இரவு சமையல் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். மீட்டர் வைத்துப் பார்த்தபோது பெட்டிக்குள் போவதும் 217, அதிலிருந்து வெளியே வருவதும் 217. நாட்டின் விதிப்படி 230க்கு 6 வீதம் கூடலாம், குறையலாம், ஆகவே 217 தவறும் இல்லை. ஆனால் உங்கள் பெட்டி வோல்டேஜைத் தொடுவதே இல்லை. அது ஃபில்டரும் மின்னல் பாதுகாப்பும் மட்டும்தான். நியாயமாகச் சொல்கிறேன், குளிர்சாதனப் பெட்டி ஓடத் தொடங்கும்போது ஸ்பீக்கரில் வரும் 'டக்' சத்தம் இந்தப் பெட்டியால் குறைந்தது. அதைச் சொல்லி விற்றிருந்தால் எனக்கு முறைப்பாடே இல்லை.

மின்னல் பாதுகாப்பையும் நீங்களே கெடுத்தீர்கள். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்த பாதுகாப்பு, எர்த் இல்லாமல் வேலை செய்யாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேர இடிமின்னல் எப்படி இருக்கும் என்று கொழும்பில் கடை நடத்தும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எர்த் உள்ள பிளக்கில் செருகினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று உங்கள் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த எர்த்தை வெட்டியவர் உங்கள் சீருடையில் வந்தவர்.

கண்டிஷனரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தாருங்கள். எலக்ட்ரீசியனின் கூலியையும் தாருங்கள். அதைவிட முக்கியமாக, அந்தத் தொழில்நுட்பவியலாளர் போன எல்லா வீடுகளுக்கும் தகுதியான ஒருவரை அனுப்பிப் பிளக்குகளைத் திறந்து பாருங்கள். அவர் கை போன வேகத்தைப் பார்த்தால் இது அவருக்குப் பழகிய வேலை. எங்கோ ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை வெறுங்காலுடன் அந்தப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இது நடக்கும்வரை பணம் கிடைத்தாலும் என் முறைப்பாடு முடியாது.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் படங்களையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் கொடுப்பேன். வெட்டிய பிளக்கையும் கழற்றி எடுத்து வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பினால் ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.