வில்லங்கம் பார்க்கும் காசு யார் தலையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைப் பக்கம் 31 ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் நான். தொழிலை விட்டுவிட்டு, இப்போது கொலராடோ மாநிலம் அரோராவில் மகன் வீட்டில் நான்கு மாதமாக இருக்கிறேன். அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க அவரிடமே கட்டணம் வாங்குவது என்ன நியாயம் என்று தங்கள் இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தச் சண்டை ஓய்ந்த ஊரில் உட்கார்ந்திருப்பதால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2012 ஜூலையில் இந்த அரோராவில்தான் ஒரு திரையரங்கில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மார்ச்சில் ஆளுநர் ஹிக்கன்லூப்பர் கையெழுத்துப் போட்ட துப்பாக்கிச் சட்டங்களில் ஒன்றுதான் இந்தக் கட்டணம். அதுவரை மாநிலத்தின் பொது நிதியிலிருந்து போன சோதனைச் செலவு, 10 டாலராக வாங்குபவர் கணக்குக்கு மாறியது. அந்தச் சட்டங்கள் கிளப்பிய கோபத்தில் இரண்டு மாநில செனட்டர்களை அதே ஆண்டு செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்திப் பதவியிலிருந்தே இறக்கிவிட்டார்கள்.

மத்திய அரசின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. நேரடியாகச் செய்யும் சோதனைக்கு இன்றும் கட்டணம் கிடையாது. தாங்களே சோதிக்கும் சில மாநிலங்கள்தான் வாங்குகின்றன. விர்ஜினியாவில் உள்ளூர்க்காரருக்கு 2 டாலர், நியூயார்க்கில் 9, வாஷிங்டன் மாநிலத்தில் 18.

எனக்கு முதலில் இதில் சந்தேகமே வரவில்லை. இடம் வாங்குகிறவர்தானே ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்க்கிறார், அவர்தானே காசு கட்டுகிறார்? மகனிடம் சொன்னேன். அவன் மடக்கிவிட்டான்: "அப்பா, வில்லங்கம் பார்த்தா லாபம் வாங்குறவனுக்கு. இங்க சோதிக்கிறதே வாங்குறவனை. லாபம் ஊருக்கு. அப்ப ஊர்தானே கட்டணும்?"

இரண்டு நாள் யோசித்தேன். பையன் சொன்னதில் பாதி சரி. ஆனால் அவனைப் பார்க்க வருவதற்காக நான் பாஸ்போர்ட் எடுத்தபோது 1,500 ரூபாய் கட்டினேன். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து என்னைப் பற்றி விசாரித்துப் போனதும் அந்தக் காசில்தான் அடக்கம். விசாரிக்கப்பட்டது நான், நிம்மதி அரசாங்கத்துக்கு, பணம் என்னுடையது. யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று கேட்டது நான்தானே.

பக்கத்து வீட்டுக்காரர் இதை ஒப்பவில்லை. நல்ல மனிதர், பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்தே தள்ளிவிடுவார். பாஸ்போர்ட்டோடு சேர்க்காதீர்கள், துப்பாக்கி எங்கள் அரசியலமைப்பு தந்த உரிமை என்றார். ஓட்டுப் போடக் காசு கட்டச் சொல்லி ஏழைகளையும் கறுப்பின மக்களையும் விரட்டிய வரலாறு இங்கே உண்டு. தேசியத் தேர்தல்களில் அந்த வரியை 1964இல்தான் ஒழித்தார்கள். அதை நினைவுபடுத்தியதும் நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். நியூயார்க் நகரத்தில் கைத்துப்பாக்கி உரிமத்துக்கு 340 டாலர் வாங்கியதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சரி என்றது. எனக்கு அது சரியாகப் படவில்லை. 340 டாலர் கேட்டால் வேலைக்கூலி மாதிரியா இருக்கிறது? வராதே என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. சோதிக்க ஆகிற செலவை மட்டும் வாங்கட்டும்.

துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தை மகனை இறக்கித் தரச் சொல்லிப் படித்தேன் (பழைய தொழில் புத்தி). கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. கொலராடோவில் கஞ்சா கடையிலேயே விற்கிறது, ஆனாலும் மத்திய சட்டப்படி குற்றம் என்று படிவம் எச்சரிக்கிறது! சுற்றுலா விசாக்காரனான எனக்கு, வேட்டை உரிமம் போல ஏதாவது விதிவிலக்கு இருந்தாலொழிய, விற்கவே மாட்டார்கள்.

எனக்குக் கட்டணத்தை விட, அது போய்ச் சேரும் இடம்தான் கவலை. 2015 ஜூனில் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனுக்குப் போதைப்பொருள் வழக்கு இருந்தது. அவனைக் கைது செய்தது எந்தக் காவல் துறை என்பது பதிவில் தவறாக ஏறியிருந்தது. சோதித்த ஊழியர் வேறு அலுவலகங்களைக் கேட்டார், விற்பனையைத் தடுக்க வேண்டிய விவரம் கைக்கு வரவில்லை. மூன்று வேலை நாளுக்குள் முடிவு தெரியாவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்பது மத்திய சட்டம். விற்றுவிட்டார். ஒரு சர்வே எண் மாறி விழுந்தால் குடும்பங்கள் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைவதைப் பார்த்தவன் நான். இங்கே ஒரு பதிவுப் பிழைக்கு ஒன்பது உயிர்.

எனவே கட்டணம் வாங்கட்டும், அந்தப் பணம் சாலைக்கோ பாலத்துக்கோ போகாமல் பதிவேட்டைத் திருத்தும் குமாஸ்தாவின் சம்பளத்துக்குப் போகட்டும். ரசீது கொடுத்துக் காசு வாங்கிய பிறகு, "விவரம் கிடைக்கவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள்" என்று மட்டும் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
பழைய பத்திர எழுத்தர், மதுரை மாவட்டம்
(தற்சமயம் அரோரா, கொலராடோ)