குவாங்சோ போகிறவர்கள் காலையில் கொஞ்சம் வெளியே இறங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீனாவுக்குச் சாமான் எடுக்கப் போய்வந்த வாசகர் ஒருவர், அங்கே மனிதர் சாப்பிடக்கூடியது ஒன்றுமே இல்லை, கொழும்பிலிருந்து கொண்டுபோன பிஸ்கட்டும் மிக்சரும்தான் தன்னைக் காப்பாற்றின என்று போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, புறக்கோட்டையில் இந்தப் பேச்சு தினமும் காதில் விழுவதுதான். ஆனால் எங்கள் கடை வேலையாகத் தென்சீனாவின் குவாங்சோ நகரத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நகரத்துக்கு இது பெரிய அநியாயம்.

நம்மவர்கள் அங்கே போய் என்ன செய்கிறார்கள்? விமான நிலையத்திலிருந்து நேரே வெளிநாட்டு வியாபாரிகள் கூடுகிற சியாவ்பெய் பக்கம் ஒரு ஹோட்டல், பகலெல்லாம் மொத்தச் சந்தை, இரவு பக்கத்திலேயே இருக்கிற இந்தியக் கடையில் சோறும் பருப்பும், அப்புறம் அறைக்குப் போய்க் கணக்குப் பார்த்துவிட்டுத் தூக்கம். வருடக்கணக்காகப் போய்வருகிறவர்களுக்கும் அந்தத் தெருவைத் தாண்டி ஒன்றும் தெரியாது. துணிந்து ஒரு சீனக் கடைக்குள் நுழைகிறவர்களும், கொழும்பில் நாம் ‘சைனீஸ்’ என்று சாப்பிடுகிற பிரைட் ரைஸையும் சில்லி பேஸ்ட்டையும் மனதில் வைத்துக்கொண்டு போய் ஏமாறுகிறார்கள். குவாங்சோ சமையலில் மிளகாய்க்குப் பெரிய இடம் கிடையாது. கண்ணாடித் தொட்டியில் நீந்துகிற மீனைக் காட்டிக் கேட்டால், அதை இஞ்சி வைத்து ஆவியில் அவித்து, வெங்காயத்தாளைத் தூவி, மேலே கொதிக்கிற எண்ணெயும் கொஞ்சம் சோயா சோஸும் ஊற்றிக் கொண்டுவருவார்கள், அவ்வளவுதான். மீனின் ருசியை எதுவும் மூடிவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு பிடிவாதம். தூள் போட்ட கறியில் வளர்ந்த நாக்குக்கு முதல் சில நாள் சப்பென்றுதான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு அந்த மீனையே தேடுவீர்கள்.

காலையில் ஹோட்டல் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தெருவில் இறங்குங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. பழைய குடியிருப்புச் சந்துகளில் ஆவி பறக்கிற சின்னச் சின்னக் கடைகள் இருக்கும், சுங் ஃபன் விற்கிற கடைகள். மேசை லாச்சி மாதிரி தட்டுகள் அடுக்கிய ஒரு தகரப் பெட்டி, பக்கத்தில் தண்ணீராகக் கரைத்த அரிசிமா. ஒரு தட்டை இழுத்து, ஒரு கரண்டி மாவை ஊற்றிச் சாய்த்துப் பரப்பி, முட்டை ஒன்றை உடைத்து விட்டு, இரண்டு கீரை இலையைப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள், நாம் போனைக் கையில் எடுப்பதற்குள் வெந்துவிடும். வெளியே இழுத்து, தகட்டால் சுரண்டிச் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டி, லேசாக இனிக்கிற சோயா சோஸை மேலே ஊற்றித் தருவார்கள். வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். இடியப்பமும் பிட்டும் தின்று வளர்ந்த நமக்கு அரிசிமா என்ன அந்நியமா? காசு கொடுக்கவும் பயப்பட வேண்டாம், போனிலேயே காசு கட்டுகிற சீன ஆப்களான அலிபேயிலும் வீசாட்டிலும் இப்போது வெளிநாட்டு கார்டை இணைக்கலாம். கொழும்பிலேயே அதைச் செய்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் அந்தச் சின்னக் கடையிலும் கியூஆர் கோட் அட்டையைத்தான் நீட்டுவார்கள்.

லீவு நாள் கிடைத்தால் யம் சா, அதாவது பலகாரத்தோடு காலைத் தேநீர். ஒரே வட்ட மேசையில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும். தனியாக வந்த பெரியவர்கள் ஒரு குடுவைத் தேநீரும் இரண்டு கூடைப் பலகாரமுமாகப் பத்திரிகை படித்துக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பார்கள், யாரும் எழும்பச் சொல்வதில்லை. முதலில் என்ன தேயிலை என்று கேட்பார்கள். முதல் ஊற்றைக் குடிப்பதில்லை, அந்தச் சுடுதண்ணீரில் கிண்ணத்தையும் குச்சியையும் அலசுகிறார்கள். குடுவை காலியானால் மூடியைக் கொஞ்சம் திறந்து சரித்து வைக்க வேண்டும், கூப்பிடத் தேவையில்லை, வந்து தண்ணீர் ஊற்றுவார்கள். நமக்கு யாராவது ஊற்றினால் இரண்டு விரலால் மேசையில் தட்டுவது நன்றி. எனக்கு இதைச் சொல்லித் தந்தது அதே மேசையில் இருந்த ஒரு பாட்டி, அவரே என் கையைப் பிடித்து மேசையில் தட்டிக் காட்டினார். கோழிக்கால் பலகாரத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், பொரித்து, ஊறவைத்து, கறுப்பு அவரை போட்டு அவித்த அது, எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும்.

ஆனால் அந்த ஊரோடு எனக்கு ஒட்டுதல் வந்தது மூலிகைத் தேநீர்க் கடைகளால்தான். லியாங்சா என்பார்கள், கறுப்பாக, கடும் கசப்பாக இருக்கும். பொரித்தது அதிகம் தின்றால் சூடு, லிச்சிப் பழம் சூடு, தொண்டை நோவும் சூடு, எல்லாவற்றுக்கும் இதைக் குடி என்பார்கள். மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி, தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி என்று நம் அம்மாமார் சொல்கிற கணக்கில்தான் அந்த நகரமும் சாப்பிடுகிறது. மணிக்கணக்காகச் சிறு தீயில் வைக்கிற சூப்பும் இந்தக் கணக்குத்தான், கோடையில் நீற்றுப்பூசணி போட்டு வைப்பது உடம்பு குளிரத்தான்.

சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்பது உண்மை. கீரை என்று கேட்டு வாங்கினாலும் அதில் பன்றிக் கொழுப்போ சிப்பி சோஸோ இருக்கலாம். அதனால் பௌத்த கோயில்களை ஒட்டிய சைவக் கடைகளைத் தேடுங்கள், வெங்காயம், உள்ளிகூடச் சேர்க்காத சமையல். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை பூரணையை ஒட்டி, அங்கேயும் பலர் சைவம்தான். முஸ்லிம் சகோதரர்கள் ஹலால் அடையாளம் பார்த்து லான்சோ நூடில்ஸ் கடைக்குப் போகலாம், மாவைக் கையால் இழுத்தே நூலாக்குகிறார்கள்.

சாப்பிட்டபின் நடக்க இடமா இல்லை? லிவான் பகுதியில் பச்சைக்கல் விற்கிற சந்தைக்குள்ளே ஹுவாலின் கோயில் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கப்பலில் வந்த போதிதர்மர் கரையிறங்கிய இடம் அது என்று சொல்கிறார்கள். மறுபக்கமாக, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் இலங்கைக்கு வந்து இரண்டு வருடம் தங்கிய சீனப் பிக்கு பாஹியனை நினைத்துப் பாருங்கள். அநுராதபுரத்தில் ஒரு வியாபாரி புத்தர் சிலைக்குக் காணிக்கையாக வைத்த சீன வெண்பட்டு விசிறியைக் கண்டு அழுதுவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஊர் ஞாபகம் யாருக்குத்தான் வராது? அதற்காக அவர் அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கவில்லை, அபயகிரியையும் தந்ததாது விழாவையும் ஊராரின் வழக்கங்களையும் பார்த்து எழுதிவைத்தார், அன்றைய அநுராதபுரத்தைப் பற்றி இன்று நாம் படிப்பதில் அவர் எழுதியதும் இருக்கிறது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். குவாங்சோவில் 1957 முதல் நடக்கிற கன்டன் வர்த்தகக் கண்காட்சி ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வருகிறது, ஒவ்வொரு முறையும் கொழும்பிலிருந்து நம்மவர்கள் போகிறார்கள். அதற்கு முன் அரைப் பக்கம் ஒதுக்கி, அங்கே இருந்து பழகிய வியாபாரிகளையும் படிக்கிற பிள்ளைகளையும் எழுதவையுங்கள், எந்தச் சந்தில் என்ன சாப்பிடலாம், எப்படிக் கேட்பது என்று. முதலாளிமாரே, கடைப் பெடியன்களை உதவிக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அவர்களைச் சாமான் கட்டவும் பெட்டி தூக்கவும் மட்டும் வைத்திருக்காமல் ஒரு காலையாவது ஊரைப் பார்க்க விடுங்கள்.

இப்படிக்கு,
புறக்கோட்டை வியாபாரி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13