நடவு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் கூலி யார் தருவது?

காவிரிப் படுகை மாவட்ட ஆட்சியர்களுக்கும் பொதுச் சுகாதார அலுவலர்களுக்கும் வணக்கம்.

நிலம் பெரும்பாலும் ஊர்த்தெருவில், நடவுக் கை காலனித் தெருவில் என்ற ஏற்பாடு இங்கே இன்னும் குலையவில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னணி கூலிப் போராட்டம். மறுவருடமே விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியைப் பற்றிப் பேசினோம், கூலி உடம்பில் போய் என்ன செய்கிறது என்று பேசவில்லை.

வரப்பில் மறைவிடம் கிடையாது. அதனால் நடவுப் பெண்கள் விடிந்ததிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் கொள்கிறார்கள். வெயிலும் சேர, நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் தொடர்கின்றன. நாள் முழுக்கச் சேற்றில் நின்ற காலில் சேற்றுப்புண். அந்த வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி எளிதில் நுழைகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் முதல் சில நாளிலேயே மருந்து தொடங்க வேண்டும். தள்ளிப்போட்டால் சிறுநீரகமும் ஈரலும் பழுதாகலாம். தள்ளிப்போடுவது அறியாமையால் அல்ல. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வேலை நாட்களைத் தின்றுவிட்டன. மிஞ்சிய சில நாளை விட்டால் கைமாற்று வாங்கித்தான் அடுப்பெரியும். ஊசி இலவசம், அன்றைய கூலி இலவசமில்லை.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ள ஆலைத் தொழிலாளி நோயுற்றால் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வயல்கூலிக்கு அந்த வாசல் இல்லை. முதல்வர் காப்பீடு சிகிச்சைச் செலவைத்தான் ஏற்கும், இழந்த கூலியை அல்ல.

எனவே குறுவை, சம்பா நடவு மாதங்களிலாவது ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் இரண்டு நாள் மாலை 5 முதல் 8 வரை புறநோயாளிப் பிரிவு நடத்துங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளர்கள் பகலில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதில் பயனில்லை. பொழுது சாய்ந்து வரட்டும்.

நாற்று பறிக்கும் முன்பே ரத்த அளவு பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழிருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தரும்போதே, டீ குடித்து ஒரு மணி நேரமாவது கழித்து விழுங்கச் சொல்லுங்கள். டீயோடு போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. (காலை ஆகாரமே டீயாக இருக்கும் வீடுகளில் இந்த ஒரு வரிதான் மாத்திரையைவிட முக்கியம்.)

புறநோயாளிச் சீட்டில் தொழிலையும் தெருவையும் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தெருவில் யார் நோயுறுகிறார்கள் என்று ஒரே போகத்தில் தெரிந்துவிடும். நடவு நடக்கும் வயல் பக்கம் குடிநீரும் நடமாடும் கழிப்பறையும் வைப்பதை ஊராட்சியின் பொறுப்பாக்கி, மேட்டூர் திறக்கும் முன் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
படுகையின் கிராம சுகாதாரப் பணியில் உள்ளோர்