வலது சக்கரத்து இரைச்சலுக்கு இடது பேரிங்கை மாற்றியது குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் திண்டுக்கல் சர்வீஸ் மையத்தின் வாடிக்கையாளர் (வாகன எண்ணும் ஜாப் கார்டு எண்களும் இணைப்பில் உள்ளன)

பெறுநர்: பொது மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முன்சக்கரப் பேரிங் பழுதைத் தவறாகக் கணித்தது, தேவையற்ற பாகங்களை மாற்றியது, புதிய பேரிங்கைத் தவறாகப் பொருத்தியது ஆகியவற்றுக்குத் தீர்வு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் காரின் முன்பக்கத்திலிருந்து வந்த ஓர் இரைச்சலைச் சரிசெய்ய உங்கள் திண்டுக்கல் மையத்தில் மூன்று முறை வண்டியை விட்டு, மொத்தம் 30,700 ரூபாய் செலுத்தியிருக்கிறேன். அந்த இரைச்சலுக்குக் காரணமான ஒற்றைப் பேரிங்கின் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் குண்டு வளையத்தின்) விலையும் கூலியும் இதில் 4,850 ரூபாய் மட்டுமே. அந்தப் பேரிங்கை மாற்றிய நாளிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிகிறது. அதற்கு 6,200 ரூபாய்க்குப் புதிய சென்சார் வாங்க வேண்டும் என்று இப்போது எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். அதை ஏற்க மறுத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சிகிச்சைக்காக வாரம் இரு முறை என் தாயாரை மதுரைக்கு அழைத்துச் செல்கிறேன். நான்குவழிச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ‘ஊம்’ என்று ஓர் ஒலி தொடங்கும். 80-ஐ நெருங்கும்போது வண்டிக்குள் பேசுவது கேட்காத அளவுக்கு அது உறுமலாகும். நான் மெக்கானிக் அல்லன், ஆனாலும் ஓட்டுபவருக்குத் தெரியக்கூடியவற்றைக் கவனித்து முதல் நாளே ஜாப் கார்டில் எழுதித்தரச் செய்தேன். கியரை மாற்றினாலும், நியூட்ரலில் விட்டு வண்டியை உருளவிட்டாலும் ஒலி மாறவில்லை. அது எஞ்சின் சுழற்சியை ஒட்டி ஏறி இறங்காமல் வண்டியின் வேகத்தை மட்டுமே ஒட்டி ஏறி இறங்கியது. தார்ச் சாலையிலும் கான்கிரீட் சாலையிலும் ஒரே மாதிரி இருந்தது. மூன்றாவதாக, சாலை இடப்பக்கம் வளையும்போது இரைச்சல் கூடியது, வலப்பக்கம் வளையும்போது ஏறத்தாழ அடங்கியது.

இந்த மூன்று குறிப்புகளையும் பார்த்த எவரும் முதலில் வலது முன்சக்கரத்தின் பேரிங்கைத்தான் சந்தேகித்திருக்க வேண்டும். உங்கள் சர்வீஸ் ஆலோசகரோ வண்டியை ஓட்டிப் பார்க்காமலே டயர் சத்தம் என்று முடிவு செய்தார். டயர் சீரற்றுத் தேய்ந்தால் இதே போன்ற ஒலி வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் டயரின் ஒலி சாலையின் பரப்புக்கு ஏற்ப மாறும். முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றி ஓட்டினால் ஒலி வரும் இடமும் மாறும். அரை மணி நேரத்தில் முடியும் அந்தச் சோதனையைச் செய்யாமல், 4.5 மில்லிமீட்டர் பள்ளம் மீதமிருந்த நான்கு டயர்களையும் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டினார்கள். டயரை மாற்றியாக வேண்டிய சட்ட வரம்பு 1.6 மில்லிமீட்டர். டயர்களுக்கு 19,600 ரூபாயும் அலைன்மென்ட், பேலன்சிங்குக்கு 1,400 ரூபாயும் செலுத்தி வெளியே வந்தேன். வத்தலக்குண்டு புறவழிச்சாலையை எட்டுவதற்குள் அதே உறுமல் தொடங்கிவிட்டது.

இரண்டாம் முறை, பேரிங்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மாற்றியது இடப்பக்கத்துப் பேரிங்கை. ஏன் என்று கேட்டதற்கு, “நீங்கதானே சார், லெஃப்ட்ல திரும்பினா சத்தம் வருதுன்னு சொன்னீங்க” என்று பதில் வந்தது. என் புகாரின் மையமே இந்தப் பதில்தான். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் எடை வலப்பக்கம் சாய்கிறது. பேருந்தில் நின்று பயணிப்பவருக்கும் தெரிந்த செய்தி இது. எடை ஏறிய பக்கத்துப் பேரிங்தான் கூடுதலாக அழுத்தப்படுகிறது, அதில் பழுது இருந்தால் அதுதான் கத்துகிறது. எனவே இடப்பக்கத் திருப்பத்தில் கூடும் இரைச்சல் வலப்பக்கப் பேரிங்கைத்தான் சுட்டுகிறது. வண்டியின் உடற்கூடு ஒலியைக் கடத்துவதால் காதை மட்டும் நம்பினால் பக்கம் தவறிப்போகும் என்பதும் உண்மை. அதனால்தான் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங்கின் மீது மறுகையை வைத்துப் பார்ப்பார்கள். பழுதான பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியே விரல்களுக்குத் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இல்லை, ஆகவே பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதும் பிழை. ஆட்டம் தெரிவதற்கு வெகு முன்பே இரைச்சல் தொடங்கிவிடும்.

கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். என் வண்டியில் பேரிங்கை நக்கிளுக்குள் (சக்கரப் பகுதியைத் தாங்கும் உலோகப் பாகம்) அழுத்தி, அதற்குள் ஹப்பை (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகம்) அழுத்திப் பொருத்தும் அமைப்பு. ஹப்பை வெளியே தள்ளும்போதே பேரிங் குலைந்துவிடுவதால், தவறாகக் கழற்றிய நல்ல பேரிங்கைத் திரும்ப மாட்ட வழியில்லை. குலைந்திருந்த அந்த இடது பேரிங்கின் குண்டுகள் ஓடும் தடம் கண்ணாடி போலப் பளபளக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை. என் வற்புறுத்தலின் பேரில் மூன்றாம் முறை கழற்றிய வலது பேரிங்கின் தடத்திலோ, சுமை தாங்கும் பகுதியில் உலோகம் செதிலாகப் பெயர்ந்து, கிரீஸ் துருநிறத்தில் தண்ணீராக இருக்கிறது. இரண்டின் புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன். அந்தப் பேரிங் கெட்டதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. நவம்பர் மழையில் முழங்கால் அளவு நீர் நின்ற ரயில்வே சுரங்கப்பாதையைக் கடந்தவன் நான்தான். ஓடிச் சூடேறியிருந்த ஹப் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் பேரிங்கின் ஓரத்தை மூடியிருக்கும் சீலைத் தாண்டி நீர் உள்ளே இழுக்கப்படும்.

வலது பேரிங்கை மாற்றியதும் இரைச்சல் முற்றிலும் நின்றது. ஆனால் மையத்தின் வாசலைத் தாண்டும் முன்பே ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. அதற்கு முன் ஒருநாளும் எரிந்ததில்லை. இந்தப் பேரிங்கின் ஒரு பக்கத்துச் சீலில் காந்தவளையம் இருக்கிறது. சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் அதைத்தான் பார்க்க வேண்டும். பேரிங்கைத் திருப்பிப் பொருத்தினால் காந்தமில்லாத பக்கம் சென்சாருக்கு எதிரே வந்துவிடும். ஸ்கேனரில் மற்ற மூன்று சக்கரங்கள் வேகம் காட்டும்போது வலது முன்சக்கரம் சுழியத்தில் நிற்பதை, சென்சார் பழுது என்பதற்குச் சான்றாக உங்கள் ஊழியர் காட்டுகிறார். காந்தமே இல்லாத இடத்தைப் பார்க்கும் நல்ல சென்சாரும் சுழியத்தைத்தான் காட்டும். எங்கள் ஊரில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியே மெல்லிய இரும்பு ஊசியை நீட்டிப் பார்த்தார். இடப்பக்கம் ஊசி ஒட்டியது, வலப்பக்கம் ஒட்டவில்லை.

இடது பேரிங்கைப் பொருத்தும்போது சுத்தியல் அடிப்பதைக் காத்திருப்பு அறையின் கண்ணாடி வழியே பார்த்தேன். வெளிவளையத்தில் விழ வேண்டிய அழுத்தம் குண்டுகளின் வழியே போனால் தடத்தில் பள்ளம் விழும். புதிய பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே பாடத் தொடங்கும். பேரிங் மாற்றிய இரண்டு பில்களிலும், ஹப்பை அச்சோடு இறுக்கும் ஆக்சில் நட் புதிதாக இல்லை. இதழை வளைத்துப் பூட்டும் அந்த நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று வண்டியின் சர்வீஸ் கையேடே சொல்கிறது. ஏபிஎஸ் இல்லாமலும் பிரேக் பிடிக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்தினார்கள். மழைச் சாலையில் பின்னிருக்கையில் நோயாளியோடு செல்பவனுக்கு அது சமாதானம் ஆகாது.

ஆகவே, வலப்பக்கத்துக்குப் புதிய பேரிங்கைப் பிரஸ் கொண்டு சரியான திசையில் பொருத்தி, இருபக்கமும் புதிய நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் கருவியால்) இறுக்கித் தர வேண்டும். இதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. சுத்தியலால் அடித்த இடது பேரிங்குக்கு ஓராண்டோ 20,000 கிலோமீட்டரோ எது முந்துகிறதோ அதுவரை எழுத்துமூலம் உத்தரவாதம் தர வேண்டும். புதிய டயர்களை நான் பயன்படுத்துவதால் அவற்றின் முழு விலையைக் கேட்பது நியாயமாகாது. பாதியான 9,800 ரூபாய், அலைன்மென்ட், பேலன்சிங் கட்டணம் 1,400 ரூபாய், தேவையின்றி மாற்றிய இடது பேரிங்கின் 4,850 ரூபாய் என 16,050 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். கழற்றிய இரு பேரிங்குகளும் அப்போது சான்றாக முன்வைக்கப்படும்.

செவ்வாயும் வெள்ளியும் மருத்துவமனை நாட்கள். மற்ற நாட்களில் காலை 10 மணிக்கு வண்டியைக் கொண்டுவர இயலும். வேலை தொடங்கும் முன் புதிய பேரிங்கின் காந்தப்பக்கத்தை என்னிடம் காட்டிவிட்டுப் பொருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மூன்று ஜாப் கார்டுகள், மூன்று பில்கள், சென்சார் எஸ்டிமேட் ஆகியவற்றின் நகல்கள், கழற்றிய பேரிங்குகளின் புகைப்படங்கள்.