தாத்தாவின் இழைப்புளிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

யாங்கோன்

அன்புள்ள அத்தைக்கும், லேத்துப் பட்டறை சயாவுக்கும் (பர்மியத்தில் வாத்தியார்), பேட்டரிக் கடைத் தம்பிக்கும், பக்கத்து வீட்டு ஆசாரி மாமாவுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் இழைப்புளி தேக்குப் பலகை மேல் ஓடியது. அடியில் வைத்த விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிய சுருள் வந்தது.

மோல்மேன் அத்தை, நீங்கள் அதை மாங்காய் ஊறுகாய் ஜாடி மேல் பாரமாக வைத்திருந்தீர்கள். உப்பு பட்டுப் பட்டு அடிப்பக்கம் செங்கல் நிறமாகியிருந்தது. "இரும்புக்காரன் எத்தனை தடவை கேட்டான், கொடுத்தேனா?" என்றீர்கள். எடைக்குப் போட்டிருந்தால் என்றோ உருகியிருக்கும். அதனால் கோபப்படவும் வழியில்லை.

கரண்ட் இல்லாத நாளில் தம்பி லாரி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் இழைப்புளியை மைனஸிலும் பழைய இரும்புத் தகட்டைப் பிளஸிலும் மாட்டினான். மாற்றி மாட்டினால் இழைப்புளிதான் கரையும் என்றான். நான் கொண்டுபோன எவர்சில்வர் தட்டை மட்டும் தொடவே விடவில்லை; அதிலிருந்து விஷம் இறங்குமாம். மறுநாள் கறுப்பு மண்டியைத் தேய்த்துக் கழுவியதும் அலகுக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள் தெரிந்தன. இரண்டு 1902, ஒன்று 1910. ஸ்டான்லி கம்பெனியின் 5-ஆம் நம்பர் இழைப்புளியில் மூன்றும் இருந்தால் 1910-க்கும் 1918-க்கும் இடையில் வார்த்தது. தாத்தா பிறப்பதற்கு முன்பே! அப்படியானால் அவருக்கும் யாரோ கொடுத்ததுதான்.

இதற்கு முன் ஒரு பட்டறையில் கிரைண்டர் வைத்து அடிப்பக்க ஓரத்தில் பள்ளம் போட்டுத் தந்தார்கள். சரி, அதை விடுங்கள். ஆசாரி மாமாவும் நானும் கண்ணாடி மேல் 80 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, அடியில் போட்ட பென்சில் கோடு முழுவதும் அழியும்வரை இரண்டு சாயங்காலம் தேய்த்தோம். உடைந்த கைப்பிடிக்கும் மாமாதான் படௌக் மரத் துண்டு ஒட்டினார்.

சயா, உங்களிடம் வந்தபோது அலகை அழுத்தும் மூடியின் திருகாணி இல்லை. கடைத்தெருவில் வாங்கிய 7 மில்லிமீட்டர் ஸ்க்ரூ இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொண்டது. நான் இன்னும் திருகப் போக, என் கையைத் தட்டிவிட்டீர்கள். ஓட்டைக்குள் மெழுகை அழுத்தி எடுத்து, லென்ஸ் வைத்து மரையை எண்ணினீர்கள். 9/32 இன்ச் கனம், இன்ச்சுக்கு 24 மரை. ஸ்டான்லிக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டிய மரை, சாதாரணக் கடைகளில் கிடைக்காது. பழைய இன்ச் லேத்தில் கியர் மாற்றி வெட்டிய முதல் திருகாணி ஆடியது. பேசாமல் டப்பாவில் போட்டுவிட்டு இரண்டாவதைக் கடைந்தீர்கள். விரலாலேயே உள்ளே இறங்கியது. கூலி கேட்டதற்கு, "தேக்கு இழைத்துக் கொண்டு வா, பார்க்கிறேன்" என்றீர்கள்.

அந்தச் சுருளைச் செய்தித்தாளில் மடித்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கொண்டுவருகிறேன். இந்த மடலைப் பர்மியத்தில் சொல்லத் தம்பியும் கூட வருவான்.

அப்புறம் அத்தை, ஜாடிக்குப் பாரமாக ஆற்றுக் கல் ஒன்று பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். நன்றாகக் கழுவியதுதான்.