படிவத்தில் இருந்த உன் படம்

திருவல்லிக்கேணி,
மாசி 27

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மாவின் ஆசிகள். முகவரியைப் பெரியவனிடம் கேட்டு வாங்கினேன். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் விடாமல் நச்சரித்தேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு வலது காது முன்னைவிட மந்தம். ஆனால் பேச்சு குறையவில்லை. பாரதியார் இல்லத்துக்கு வழி கேட்டு யாராவது வந்துவிட்டால் போதும், 1921-இல் யானை தள்ளியதில் தொடங்கி, தெருமுனை வரை கூடவே போய் விட்டுவிட்டுத்தான் வருகிறார். எதிர் மேன்ஷனில் டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கும் பையன்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரிகிறது. உன்னைப் போல ஒரு தடவை பார்த்ததை மறக்காத தலை அவர்களில் ஒருவனுக்காவது இருக்குமா என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் தலையை வைத்துக்கொண்டு நீ வருஷத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தேர்தல் வருகிறது. பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாயா? அம்பத்தூரில் சேர்த்துவிட்டாயா? இல்லையென்றால் படிவம் 6 கொடுக்க வேண்டுமாம். தாமதிக்காதே.

தெப்பம் நன்றாக நடந்தது. தண்ணீர் இல்லாமல் பெருமாள் தெப்பத்தில் சும்மா எழுந்தருளியிருந்த வருஷங்கள் உனக்கு நினைவிருக்கும். இந்த முறை படிகளில் பாதிக்கு மேல் தண்ணீர். வழக்கம் போல முதல் மூன்று நாள் பார்த்தசாரதிக்கு. பிறகு அழகியசிங்கர், ரங்கநாதர், ராமர், வரதர் என்று ஆளுக்கு ஒரு நாள். முழங்கால் இறங்கவிடாததால் நான் மேல்படியிலேயே நின்று சேவித்தேன். மூன்றாம் நாள் மட்டும் போகவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டேன். போயிருக்கலாம்.

மாநகராட்சி வண்டி வந்து மாடுகளைப் பிடித்துக்கொண்டு போகிறது. நாலு நாள் தெரு காலியாக இருக்கிறது, ஐந்தாம் நாள் அதே மாடு அதே இடத்தில் அசைபோடுகிறது. ரத்னா கபேயில் அப்பாவுக்கு இன்னும் சாம்பார் இட்லிதான். ஊற்றி ஊற்றி இட்லி மிதக்க வேண்டும் அவருக்கு.

பெரிய மசூதியில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மயிலாப்பூரிலிருந்து சிந்திக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறுவது இந்த வருஷமும் நடக்கிறது. மசூதி 1795-இல் கட்டியது என்று அப்பா அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார். பள்ளிக்கூட நாளில் நீ அங்கே கஞ்சி குடித்துவிட்டு வந்ததற்காக உன்னைக் கிணற்றடியில் நிற்க வைத்தேன். நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். அப்போது உனக்குப் பத்து வயது. உங்கள் வீட்டில் நோன்பு இருந்தால் வெயிலில் அலையவிடாதே. விடியலுக்கு முன் ஏதாவது கெட்டியாகச் சாப்பிடச் சொல். மோர் நிறையக் குடிக்கலாம். இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

பட்டியல் விஷயத்தை மறந்துவிடாதே. ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், 2025 நவம்பரில் வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தார்களே, நம் வீட்டுக்கும் அங்கன்வாடி அம்மா வந்தாள். ஒவ்வொருவருக்கும் இரண்டு படிவம், பெயரும் படமும் அதிலேயே அச்சடித்திருந்தது. எனக்கு, அப்பாவுக்கு, பிறகு உனக்கு. கல்லூரி முடித்த வருஷம் எடுத்த படம். மீசை இல்லாமல், காது இரண்டும் விடைத்துக்கொண்டு. இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் எங்கள் பெயர் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று அப்பா தேடிக் கண்டுபிடித்து எழுதினார். உன் படிவத்தைக் கையில் எடுத்ததும் பேனா நின்றுவிட்டது. "இவர் இங்கே இருக்கிறாரா?" என்று அவள் கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. காது கேட்கவில்லையோ என்று அவள் இன்னொரு முறை உரக்கக் கேட்டாள். நான்தான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "இடம் மாறிவிட்டான் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். உண்மைதானே, இல்லாததையா சொன்னேன்? ஆனால் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்கெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை.

அந்தப் பார்வைக்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீயும் அவளும் வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை அப்பா வெற்றுடம்போடு ஊஞ்சலில் இருந்தார். வாசலில் உன் குரல் கேட்டதும் எழுந்து சட்டையைத் தேடினார். "உட்காரச் சொல், சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன்" என்றார். தாழ்ப்பாளைப் போட்டது நான். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து "எங்கே?" என்றார். "போய்விட்டார்கள்" என்றேன். நீ அப்போதும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாய். அவள் உன்னிடம் ஏதோ மெல்லச் சொன்னதுகூட எனக்குக் கேட்டது. பிறகு பெரியவன் மூலமாக உனக்குச் சொல்லி அனுப்பியது, அப்பா முகத்தில் விழிக்காதே என்றாராம் என்று, அதுவும் என் வார்த்தை. எட்டு வருஷமாக அந்தப் பழியை அவர் தலையில் வைத்துவிட்டு நான் காலையும் மாலையும் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறேன். பெரியவனிடம் அவர் என்ன கேட்டாரோ, அவன் என்ன சொன்னானோ. என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சரி. சித்திரையில் பெருமாள் உற்சவம். மூன்றாம் நாள் கருட சேவை, ஏழாம் நாள் தேர். ஆனியில் அழகியசிங்கருக்கு. தேர் அன்று கூட்டம் நெரியும், சின்னக் குழந்தைகளைக் கொண்டுவர ஏற்றதல்ல. கருட சேவைக்கும் கூட்டம்தான், ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் இடிக்க மாட்டார்கள். பதினான்கு மாதம் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றிருந்த பறக்கும் ரயில் 2024 அக்டோபரிலிருந்து மறுபடி கடற்கரை வரை ஓடுகிறது. கடற்கரையில் மாறினால் அம்பத்தூர். உனக்குத் தெரியாததா! அந்த வழியாகத்தானே வந்தாய்.

ஆமாம், எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் தெப்பத்தின்போது உன்னைக் குளக்கரையில் பூக்கார அம்மா பார்த்திருக்கிறாள். மீசை வைத்திருக்கிறாயாமே. மீசைப் பெருமாள் ஊர்க்காரன், பொருத்தமாகத்தான் இருக்கும். தோளில் குழந்தையை உட்காரவைத்துத் தெப்பத்தைக் காட்டினாயாம். பிறகு நம் தெருமுனை வரை வந்து, விளக்குக் கம்பத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாயாம். மாடியில் விளக்கு எரிந்ததைப் பார்த்திருப்பாய். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. படிவம் 6, மறக்காதே. என் மருமகளுக்கு என் ஆசிகளைச் சொல். இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. தபால் தலை வாங்க அவரைத்தான் அனுப்பினேன். யாருக்கு என்று கேட்காமல் இரண்டாக வாங்கி வந்திருக்கிறார்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு: குழந்தையை நீ ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாயாம். நாதஸ்வரச் சத்தத்தில் பூக்கார அம்மாவின் காதில் சரியாக விழவில்லை. என்ன பெயர்?